புதன்கிழமை சார்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது அம்பத்தூரில் ஒருவருக்கு மட்டும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். விண்டோஸின் மாதாந்திர அப்டேட் வெளியாவது இரண்டாவது செவ்வாயன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை பத்து மணி என்றால் நமக்கு ராத்திரி பத்தரையோ பதினொன்றரையோ. விடிந்தால் புதன். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு வீட்டில் ஸ்கிரீன் கும்மிருட்டு. திருமுல்லைவாயிலில் இன்னொரு வீட்டில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸ். எல்லாரும் கூப்பிடுவது சிஸ்டம் சாரைத்தான்.

ஒருவர் என்றா சொன்னேன்? ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் தெருவுக்கு ஒருவர் உண்டு. நம்மவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் பழகியது மகளுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்பில். 2011-ல் ஆரம்பித்த திட்டம் அது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்தும். "எதுக்குய்யா ரெண்டு?" என்று ஒன்றை அழித்தார். இரண்டும் போயின. மகள் ஒரு வாரம் பேசவில்லை. அதற்குள் பாதி வித்தை கைக்கு வந்துவிட்டது.

வந்ததும் கீபோர்டைத் தொட மாட்டார். காதை வைப்பார். "ஃபேன் ஓடுது. உயிர் இருக்கு." அப்புறம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செல்போன் டார்ச்சை இருட்டு ஸ்கிரீன்மேல் சாய்வாக அடித்து, மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிவார். உள்ளே மங்கலாக ஐகான் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னால் எரிகிற விளக்குதான் அவுட். ஒன்றுமே தெரியாவிட்டால் டிரைவர்மேல் சந்தேகம். எந்த டிரைவர் என்று பாட்டி கேட்பார். "மோட்டார் ஓடுதும்மா, ஸ்பிண்டில் சுத்தல. நடுவுல பெல்ட்டு நழுவிடுச்சு. அந்த பெல்ட்டுதான் டிரைவர்." இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

பிறகுதான் கை. பேச்சுக் கொடுத்தபடியே முதுகால் நம்மை மறைப்பார். லேப்டாப் 'டொக்' என்னும். ஸ்கிரீன் ஒருமுறை கண் சிமிட்டும். வால்பேப்பர் முருகன் தரிசனம் தருவார். காசு வாங்க மாட்டார். காபி மட்டும், ஸ்ட்ராங்காக.

முருகன் வராவிட்டால் முகம் மாறும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பார், போடுவார், மறுபடி அணைப்பார். ரெக்கவரி பக்கம் வந்ததும் சேஃப் மோடுக்குள் புகுந்து, டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவரைத் திரும்ப அமர்த்துவார். "புதுப் பையன் சரியில்ல. பழைய ஆளையே வரச்சொல்லிட்டேன்." அதற்கும் மசியாவிட்டால் ஒரே சொல்: "போர்டு." ரிச்சி தெரு ரிப்பேர் கடைக்கு அனுப்புகிற அந்தத் தோரணையில், பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிற டாக்டர் தோற்றார்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு நின்றதிலிருந்து, பதினொன்றுக்கு மாறலாமா என்று கேட்டுத் துளைக்கிறார்கள். எல்லாருக்கும் "மாறிடுங்க" என்கிறார். தன் வீட்டு அப்டேட்டுக்கு மட்டும் வாய்தா வாங்கி வைத்திருக்கிறார்.

அந்த முதுகு மறைவு ரகசியத்தை எதிர்வீட்டு ஷோகேஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B). நாலையும் சேர்த்து ஒரே அமுக்கு. டிஸ்பிளே டிரைவர் புதிதாக எழுந்துகொள்ளும். நீங்களே அழுத்திக்கொள்ளலாம். இருந்தாலும் புதன்கிழமை அவரையே கூப்பிடுங்கள். வீட்டில் அவர் காபிக்குச் சர்க்கரை கிடையாது.