விலை தூங்கும் காலம்

பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிப்பதே இல்லை. 2010 ஜூனிலேயே அந்தப் பொறுப்பைச் சந்தையிடம் ஒப்படைத்தாயிற்று. 2017 ஜூன் முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும். சந்தைக்கு அவ்வளவு சுறுசுறுப்பு. கொஞ்சம் அரசியல் ஞானமும் உண்டு.

2021 நவம்பரில் படுத்த விலை, உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை. நடுவில் உக்ரைன் போர் மூண்டது, கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியது, அப்போதும் குறட்டைதான். மார்ச் 10 அன்று முடிவுகள் வந்தன. 22ஆம் தேதி விழிப்பு. அடுத்த இரண்டு வாரத்தில் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றம்.

சரி, 2020இல் கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்ததே? வந்தது. மே மாதம் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றி அந்த லாபத்தைக் கஜானாவுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரலாமே என்றால் மத்திய அரசு மாநிலங்களைக் கைகாட்டும், மாநிலங்கள் டெல்லியை. எதற்கு வம்பு? மாதம் ஒரு மாநிலத்துக்குத் தேர்தல் வைத்தால் போதும். 28 மாநிலங்கள் இருக்கின்றன, இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்கும். புதுச்சேரியையும் டெல்லியையும் சேர்த்தால் இன்னும் இரண்டு மாதம்.