கோர்வை போட்ட கேக்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் தெருவுக்கு ஒரு கேக் அக்கா இருப்பார். 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா இருக்கும் ஊர். விடுதிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வராத வாரம் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது மூஞ்சியில் அப்ப வசதியான க்ரீம் கேக். அதுவரை அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. சொந்தப் பெண்ணுக்குப் பிறந்தநாள் வரும்போதுதான் வினை தொடங்குகிறது.

இந்த வருஷம் கேக் மேல் காஞ்சிப் பட்டு விரிக்க வேண்டும். அரக்கு உடல், பச்சைக் கரை, தாழம்பூ ரேக்கு. க்ரீமில் இது நடக்காது, விரித்துப் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட் வேண்டும். ரெடிமேடாக டப்பாவில் கிடைக்கிறதே என்றால், “அதுல என்ன இருக்கு, எல்லாம் சக்கரதானே, வீட்டுலயே பண்ணிடலாம்” என்பார். சாம்பார் பொடியையும் வடாத்தையும் கடையில் வாங்காத பரம்பரையின் வாரிசு. இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே இந்த இனத்தை எங்கும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அக்கா சொல்வது பொய்யில்லை. ஒரு கிலோ ஐசிங் சுகருக்கு ஏறக்குறைய அரை கப் லிக்விட் குளுக்கோஸ், ஒரு டேபிள்ஸ்பூன் கிளிசரின், ஒரு டேபிள்ஸ்பூன் ஜெலட்டின், அதை ஊறவைக்கக் கால் கப் தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் ஐசிங் சுகரை மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாம் என்று அக்கா முடிவெடுக்கும்போது முதல் கல் விழுகிறது. எவ்வளவு சுற்றினாலும் வீட்டு மிக்ஸி அந்த நைசு தராது. பிசைந்த மாவு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும்.

அடுத்து கிளிசரின். மருந்துக் கடையில் கேட்டால், “உதட்டுக்கா, காலு வெடிப்புக்காக்கா?” என்று பதில் கேள்வி வரும். “கேக்குக்கு” என்றதும் கடைக்காரர் ஒரு நிமிஷம் சீட்டைத் தேடுவார். சாப்பாட்டில் சேர்க்கும் தரத்தில் தனியாக விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்பது அக்காவுக்கு அங்கே நின்றபோதுதான் உறைக்கும்.

ஜெலட்டின் பாக்கெட் அதைவிடப் பெரிய பூகம்பம். அதில் அசைவம் என்று காட்டும் பழுப்பு முக்கோணத்தை மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிடுவார். விலங்குகளின் தோலும் எலும்பும் வெந்து வரும் சரக்கு அது. வரதராஜப் பெருமாளுக்கு மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் இட்லி வேகிற ஊரில், சைவ வீட்டு அடுப்படிக்குள் அது எப்படி நுழையும்? சரி, கடல்பாசி போட்டுப் பார்க்கிறார். கடல்பாசி நன்றாக இறுகும்; ஆனால் வளையாது, மடக்கினால் உடையும். கடைசியில் சென்னையிலிருந்து சி.எம்.சி. பவுடர் கூரியரில் வருகிறது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார், நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர், டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறார். “இது எதுக்கும்மா?”

“மாவு கெட்டியா, இழுத்தா இழுபடுற மாதிரி நிக்கறதுக்கு மாமா.”

“அப்ப கஞ்சின்னு சொல்லு.”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்த கை அது. ஆனால் ஜவுளி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போடவும் இதே சி.எம்.சி.யைத்தான் பயன்படுத்துகிறார்கள். மாமனார் தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

பிறகு நிறம். அரக்கு வரவேண்டும் என்று சிவப்பு ஜெல் கலரைத் துளித்துளியாக விடுகிறார். ரோஸ் வருகிறது. இன்னும் விடுகிறார். அடர்ந்த ரோஸ் வருகிறது. வெள்ளைச் சர்க்கரை சிவப்பை அவ்வளவு சுலபத்தில் ஏற்காது. அரை பாட்டில் போனபின் ஒருவழியாக அரக்கு வரும். அதோடு மாவு பிசுபிசுத்து, நாக்கில் கசப்பும் தட்டும். இரண்டு கையும் மணிக்கட்டுவரை மருதாணி வைத்த கல்யாணப் பெண் மாதிரி.

விரிப்பது தனி வைபவம். 8 அங்குல வட்ட கேக், உயரம் 4 அங்குலம் என்றால் விரிப்பு 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சப்பாத்திப் பலகை பாவம், அதன் அகலமே பத்துதான். சாப்பாட்டு மேசையைத் துடைத்துச் சோளமாவு தூவி, பூரிக்கட்டையால் உருட்டுகிறார். தூக்கிப் போடும் நேரத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும், கரைப்பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். இங்கேயும் அப்படித்தான். வீட்டுக்காரர் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் பிடித்தார். ஒரு பக்கம் கிழிந்தது. மறுபடி பிசைந்து விரிப்பதற்குள் மாவு காய்ந்து, மேலே யானைத்தோல் மாதிரிச் சுருக்கம்.

எப்படியோ கேக்குக்குச் சேலை கட்டியாயிற்று. பச்சைக் கரையைத் தண்ணீர் தொட்டு ஒட்டினார். கொஞ்சம் தாராளமாகத் தொட்டுவிட்டார்; அரக்கு பச்சைக்குள் இறங்கிவிட்டது. அதை மறைக்கத் தங்கப் பொடி.

இதெல்லாம் ஐப்பசியில் நடக்கிறது என்பதைச் சொல்லவில்லையே. மழைக்காலத்தில் பாவு காயாது என்று நெசவுத்தெரு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே வானத்தை அக்காவும் பார்க்கிறார், சர்க்கரை ஈரத்தை உறிஞ்சும் என்பதால். பயந்துபோய் கேக்கை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தார். சாயங்காலம் வெளியே எடுத்த பத்தாவது நிமிஷத்தில் கேக் முழுக்க முத்து முத்தாக வியர்வை. மூடிய அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டியோடு எடுத்து, சூடு சமனாகும்வரை திறக்காமல் இருந்திருக்க வேண்டும். வந்த உறவினர்கள், “கேக்குக்கு ஃபேன் போடுங்கப்பா” என்றார்கள்.

போட்டோ மட்டும் பிரமாதமாக வந்தது. வெட்டினார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி, மேல்தோலை உரித்துத் தட்டோரம் வைத்துவிட்டு உள்ளே இருந்த சாக்லேட் கேக்கைச் சாப்பிட்டார்கள். கல்யாண மேடையில் ஜரிகைத்தாள் சுற்றி நிற்கும் பருப்புத் தேங்காயையாவது மறுநாள் உடைத்துப் பங்கு போடுவார்கள். இரண்டு ராத்திரி விழித்த பட்டுக்கு அந்த மரியாதைகூட இல்லை.

மாமனார் மட்டும் பேத்தி தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்துக் கரையும் உடலும் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்த்தார். லேசாக இழுத்தார். கரை தனியாகக் கையோடு வந்தது. அதை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தவர், மென்றுகொண்டே இருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கஞ்சி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சும்மா” என்றார்.