பார்சலில வந்த மருமகள்

மருமோன், உன்ர வீடியோ பாத்தன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள எட்டுக் காலையும் வயித்துக்குக் கீழ மடக்கிக்கொண்டு கிடக்கிறா ஒருத்தி. மேல நீ, கையில தண்ணி விசிறுற போத்தலோட. பக்கத்தில சூடு குடுக்கிற விளக்கு. பின்னால உன்ர மனுசி வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறா. உன்ர கலியாண வீட்டிலகூட உனக்கு இந்தச் சுறுசுறுப்பை நான் காணேல்ல.

"மாமா, செத்துப்போச்சோ?" எண்டு கேக்கிறாய். ரொறன்ரோவில மிருக வைத்தியர் இல்லையெண்டே முள்ளிக்குளத்துக் கிழவனைப் பிடிச்சனீ? சரி, கேட்டிட்டாய்.

சிலந்திக்குக் காலை மடக்கத் தசை இருக்கு. பெரிய மூட்டுகளை நீட்டுறதுக்கு உடம்புக்குள்ள ஓடுற நீர்தான் தள்ளவேணும். அது குறைஞ்சால் காத்துப்போன சைக்கிள் ரியூப்தான், கால் தானா உள்ளுக்கு மடங்கும். வயிறும் காஞ்ச பேரீச்சம்பழம் மாதிரிச் சுருங்கியிருக்கு, பாத்தியோ? தாகம். பெட்டிக்குள்ள அடைச்சு, பிளேனில ஏத்தி, லொறியில குலுக்கிக் கொண்டுவந்தால் உன்ர வயிறும் அப்பிடித்தான் கிடக்கும். ஆனா ஒண்டு, இன்னொருநாள் மல்லாந்து கிடந்தாளெண்டால் அழுதுகொண்டு குப்பையில போட்டிடாதை. அது தோல் கழட்டிற கோலம். அந்த நேரம் தொடவே கூடாது.

இப்ப உன்ர மருந்து. ஜாம் போத்தல் மூடி ஒண்டில தண்ணி விடு. மெல்லிய தூரிகையால தள்ளி முகம் தண்ணி விளிம்பில படுற மாதிரி விடு. முகம், மருமோன், பின்பக்கம் இல்லை! மூச்சு விடுற இடம் வயித்துக்குக் கீழதான் இருக்கு. அதைத் தண்ணிக்குள்ள அமத்தினியெண்டால் ஞானஸ்நானம் முடிஞ்சு அடக்க ஆராதனையும் சேத்து நடத்தவேணும். கையால தூக்காதை. உந்தச் சாதி கடிச்சு ஆள் செத்ததா நான் கேள்விப்படேல்ல. ஆனா தசைப்பிடிப்பு நாள்கணக்கில விடாதாம்; வேலைக்கு லீவு கேக்கேக்க என்னெண்டு காரணம் எழுதுவாய்?

விளக்கை நிப்பாட்டு, அது இன்னும் காயவைக்கும். நீ ஆசையா வாங்கிப்போட்ட வெட்டுக்கிளியை வெளியில எடு. ஒரு கிழமைக்குச் சாப்பாடு வேண்டாம். நிமித்தி ஒரு மரப்பட்டை வை, பெட்டிக்கு மேல துணி போடு. பேந்து செய்யிறதுக்கு உள்ளதிலயே கஷ்டமான வேலை ஒண்டு இருக்கு: போய் ரிவி பார். பத்து நிமிசத்துக்கொருக்கால் மூடியைத் திறந்து "எப்பிடி இருக்கு?" எண்டு கேக்கிறது வைத்தியமில்லை.

எனக்கு அது தெரியும். 2007 செப்டெம்பர் 8ஆம் திகதி ஊரை விட்டு எழுப்பிவிட, கையில ஒரு பையோட மரநிழலில குந்தியிருந்தம். வந்தவை எல்லாரும் படிவம் நிரப்பினவை, படம் எடுத்தவை, "எப்பிடி உணருறியள்?" எண்டு கேட்டவை. நாங்கள் தேடினது ஒரு குடம் தண்ணியும், ஆரும் எட்டிப் பாக்காத ஒரு மறைப்பும். பத்து வருசம் கழிச்சு, 2017இல 38 நாள் ரோட்டோரம் குந்தியிருந்துதான், ஊரைப் பிடிச்சு வைச்சிருந்த நேவியிட்ட, காணியில கொஞ்சத்தை விடுறம் எண்ட சொல்லையே வாங்கினம். அதால சொல்லுறன், குந்தியிருக்கிற சீவனைக் குந்தியிருக்க விடு.

மோதரகம் ஆத்தங்கரையில தேன் எடுக்கப் போன காலத்தில, பாலைமரப் பொந்தில உன்ர பெண்சாதியின்ர கைப்பரப்புக்கு ஒண்டு கண்டனான். புலிமுகச் சிலந்தி, நீ வாங்கினவளின்ர இனம்தான். ரோச் அடிச்சால் காலைப் பரப்பிப் பட்டையோட பட்டையா ஒட்டிக்கொண்டு நிண்டுது. கண் சிமிட்டிப் பாக்க, ஆளைக் காணேல்ல. இரவிலதான் பொந்து வாசலுக்கு வரும்.

இன்னொண்டு சொன்னால் சிரிப்பாய். நீ வாங்கினவளின்ர சாதிக்கு ஹனுமவிலாசம் எண்ட ராமேஸ்வரத்துக் கோயில் பேரை வைச்சு 2004இல எழுதினவை. பிறகு பாத்தால் இங்க மன்னாரிலயும் இருக்காம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொந்தக்காரர், எங்கட ஆக்கள் மாதிரித்தான். ஜெர்மனியில பெட்டிக்குள்ள பிறந்தவள் எண்டு கடைக்காரன் சொன்னவனோ? கடுதாசியை வாங்கி வை. காட்டில பிடிச்சதெண்டால் பாவமும் வழக்கும் உன்ர தலையில. 2019இல ஜெனீவாவில கூடி, இந்தப் புலிமுகச் சிலந்திச் சாதிகள் ஒண்டும் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாதெண்டு எழுதிப்போட்டினம். எங்கட விசயமும் ஜெனீவாவில வருசா வருசம் கதைக்கினம். சிலந்திக்கு முடிஞ்சிட்டுது.

நாளைக்கு விடிய மூடியில தண்ணி குறைஞ்சிருக்கோ எண்டு மட்டும் பார். நாலாம் ஐஞ்சாம் நாள் நீ கிட்டப் போக, முன்னங்காலைத் தூக்கி மஞ்சளைக் காட்டி உன்னை விரட்டினாளெண்டால் எனக்கு ஒரு கோல் எடு. மாமி இஞ்ச மடு மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருக்கிறா. ஆருக்கெண்டு நான் இன்னும் சொல்லேல்ல; உன்ர மனுசிக்கு வயித்தில ஏதோ எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா.