நூற்றொரு ரூபாய்

மதுரை வடக்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்தொன்றில், மாடிப்படி ஏறுகிறவர்களைவிட வழி தவறி வந்து இறங்கிப் போகிறவர்களே அதிகமாகக் காணப்படும் ஒரு வக்கீலின் அறை. மளிகை மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர், பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் தம் பத்தொன்பது வயதுக் குமாரனை வெளி பெஞ்சில் உட்கார்த்திவிட்டு, உள்ளே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

முதலாளி: வக்கீல் ஐயா, மூன்று தலைமுறையாக இந்த ஊரில் நாணயமாகக் கடை நடத்திவரும் வம்சத்தில் பிறந்த பிள்ளையை, காய்கறி முதல் கைக்கடிகாரம் வரையில் விற்கும் அந்தப் பெரிய கடைக்காரன், நாலு பேர் முன்னிலையில் திருடன் என்று சொல்லிவிட்டான் என்றால், அவன் கடையை அல்லவா இழுத்து மூடச் செய்ய வேண்டும்?

வக்கீல்: போன வருஷம் எடையளவு ஆய்வாளர் தங்கள் கடைத் தராசைக் கொண்டுபோனாரே, அந்த நாணயந்தானே?

முதலாளி: அது வியாபாரம். இது மானம்.

வக்கீல்: நல்லது. தம்பி எடுத்தது என்ன?

முதலாளி: எடுத்தான் என்பதே அபாண்டம். காதில் செருகிப் பாட்டுக் கேட்கிறார்களே, அந்த வஸ்துவைக் கையில் வைத்திருந்தான், அவ்வளவுதான். கடை வாசலைத் தாண்டாதவனைத் திருடன் என்பது எந்த ஊர் நியாயம்?

வக்கீல்: 1860-ஆம் வருஷத்து நியாயம். பிறர் வசமுள்ள பொருளை, அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு, எடுத்துக்கொள்ளும் பொருட்டு நகர்த்தினாலே களவு பூர்த்தியாகிவிடும் என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையும் இலக்கத்தை 303 என்று மாற்றி அதையே சொல்கிறது. ஆயினும், நாமே பொறுக்கி எடுக்கும் கடைகளில், பில் போடும் மேஜை வரையில் சரக்கைக் கையில் கொண்டுபோகக் கடைக்காரரே சம்மதித்திருக்கிறார் என்பதால், தங்கள் வாதத்தில் சிறிது சாரம் உண்டு. கையில்தானே வைத்திருந்தான்?

முதலாளி: கையில் இருந்த சாப்பாட்டு டப்பாவில்.

வக்கீல்: டப்பாவில் எங்கே?

முதலாளி: மிச்சம் வைத்த தயிர் சாதத்துக்கு மேலே.

வக்கீல்: நனைந்திருக்குமே!

முதலாளி: என் பிள்ளை அவ்வளவு விவரமில்லாதவனா? இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பாண்டு போட்டு வாயைக் கட்டியிருந்தான். அட்டைப் பெட்டியை ஊறுகாய் பாட்டில்களுக்குப் பின்னால்...

வக்கீல்: போதும். என் வாதத்தின் வாயையும் அந்த ரப்பர் பாண்டே கட்டிவிட்டது.

முதலாளி: அப்படியானால், விளையாட்டாக எடுத்தான், இரண்டு நாள் கேட்டுவிட்டுத் திருப்பி வைத்துவிட உத்தேசித்திருந்தான் என்று சொல்லிவிடலாமே?

வக்கீல்: இதற்கு முன்பே ஒரு மாணாக்கன் சொல்லிப் பார்த்தான். 1952-இல் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன், அனுமதியின்றி ஒரு ஹார்வர்ட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பாகிஸ்தானில் இறக்கினான். தற்காலிகமாக எடுத்தாலும் களவு களவே என்று 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று.

முதலாளி: விமானமா! (சற்று நேரம் மௌனமாக இருந்து, பெருமூச்சுடன்) வழக்கு என்றால் அது வழக்கு. இவனும் இருக்கிறானே.

வக்கீல்: கடையில் தம்பியை என்ன செய்தார்கள்?

முதலாளி: ஓர் அறையில் தள்ளிக் கதவைச் சாத்தி, அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வைத்து, விலைக்குப் பத்து மடங்கு கட்டாவிட்டால் படத்தை ஊர் முழுக்க அனுப்பிவிடுவோம் என்றார்களாம்.

வக்கீல்: அப்படியா! அடைத்துவைத்ததும், மிரட்டிப் பணம் கேட்டதும் அவர்கள் செய்த குற்றங்கள். பயமுறுத்தி வாங்கிய கடிதத்துக்கு நியாயஸ்தலத்தில் மதிப்பில்லை என்று வாதிக்கலாம். போலீசாரிடம் தந்த ஒப்புதலோ பொதுவாகச் செல்லாது.

முதலாளி: குற்றமா! சரக்கு கையை விட்டுப் போகாமலேயே பத்து மடங்கு! நாற்பது வருஷமாக மிளகாய் வற்றல் விற்கிறேன், எனக்கு இந்த யுக்தி தோன்றவில்லையே.

வக்கீல்: அந்த வஸ்துவின் விலைதான் என்ன?

முதலாளி: பெட்டியில் அச்சிட்டது 6,999. தள்ளுபடி என்று 4,899-க்குக் கொடுக்கிறான். ஸ்டேஷனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: தள்ளுபடிச் சரக்கைத் தொடுகிற குடும்பம் இதுவல்ல, ஏழாயிரம் ரூபாய்ச் சாமான் என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்று.

வக்கீல்: (இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு) முதலாளி, பொருளின் மதிப்பு ஐயாயிரத்துக்குக் குறைவாயிருந்து, குற்றவாளி என்று தீர்க்கப்படுவதும் முதல் தடவையாயிருந்து, பொருளையோ விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறையே இல்லை, சமூக சேவைதான் தண்டனை, மாஜிஸ்திரேட்டின் உத்தரவில்லாமல் போலீசார் கைது செய்யவும் இயலாது, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும். ஐயாயிரத்தைத் தொட்டுவிட்டாலோ, மூன்று வருஷம் வரையில் சிறை, வாரண்டு இல்லாமலே கைது, ஜாமீன் கோர்ட்டார் மனம் வைத்தால். தெய்வமாகப் பார்த்து அந்தக் கடைக்காரனுக்குத் தள்ளுபடி போடும் புத்தியைக் கொடுத்துத் தங்கள் பிள்ளைக்கு நூற்றொரு ரூபாய் நிழலை அருளியிருக்க, தாங்கள் வலியப் போய் அவனை வெயிலில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறீர்கள்!

முதலாளி: சமூக சேவைதானே, அதை நானே எங்கள் சங்கத்தின் சார்பில் வருஷந்தோறும் செய்கிறேன். ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வோம்.

வக்கீல்: இது வேறு. மாஜிஸ்திரேட் காட்டிய இடத்தில், கூலியில்லாமல் உழைக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவைப் பெருக்கச் சொன்னாலும் பெருக்க வேண்டும்.

முதலாளி: துடைப்பமா! என் கடைக் கணக்குப்பிள்ளையின் மாமியார் அங்கேதானே வைத்தியத்துக்குப் போகிறாள்! அதைவிட மூன்று வருஷத்துக்கே வழக்கை நடத்தி, ஹைகோர்ட்டு வரையில் கொண்டுபோனால், கௌரவமாகவாவது இருக்குமே?

வக்கீல்: கௌரவம் வேண்டுமானால் இன்னும் உயரம் உண்டு. கடையும் சரக்கைக் காத்து வைக்கும் கட்டடந்தானே என்று 305-ஆம் பிரிவில் எழுதச் சொல்லுங்கள்; ஏழு வருஷம் வரையில் போகலாம், கடைக்காரர் மனமிரங்கிச் சமரசத்துக்கு வந்தாலும் அந்தப் பிரிவில் அதற்கு இடமில்லை. எனக்கோ, அவரிடம் போய்ச் சமரசம் பேசுவதும், அது பலிக்காவிட்டால் 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தைக் காட்டி, இருபத்தொரு வயது நிரம்பாதவனைத் தக்க காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பலாகாது, கண்டித்து விட்டுவிடலாம், அப்படி விட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பும் வராது என்று மன்றாடுவதுந்தான் தெரியும். தம்பியை உள்ளே கூப்பிடுங்கள், இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

முதலாளி: அவன் எதற்கு? அவனைக் கேட்டால், எடுத்தேன் என்று சொல்லிவிடுவான். நேற்று ராத்திரி அவன் அம்மாவிடம் அப்படித்தான் அழுதுகொண்டே உளறிவிட்டான். மூன்று தலைமுறையில் இல்லாத வழக்கம். அதற்காகத்தான், நேற்று முழுவதும் காய்ச்சலில் படுத்திருந்தான் என்று ஒரு டாக்டர் சர்டிபிகேட்டுக்கு ஏற்பாடு செய்து, மூவாயிரம் முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

வக்கீல்: காமிராவில் இருப்பவன் யாராம்?

முதலாளி: அதைச் சொல்லத்தானே தங்களுக்குக் கட்டணம்.

வக்கீல்: அந்தக் கட்டணத்தை டாக்டரிடமே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். என்னிடம் என்றால், சர்டிபிகேட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, நாளைக் காலையில் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து, தள்ளுபடி விலைதான் விலை என்று தங்கள் வாயாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலாளி: (நீண்ட யோசனைக்குப் பிறகு) போகட்டும், நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தங்களுக்கு எவ்வளவு?

வக்கீல்: பதினைந்தாயிரம்.

முதலாளி: இந்தாருங்கள். ரசீதில் மட்டும் பையன் பெயர் வேண்டாம். 'மிளகாய் வற்றல் கொள்முதல் சம்பந்தமான சட்ட ஆலோசனை' என்று போட்டு, முப்பதாயிரமாக எழுதிவிடுங்கள், கடைச் செலவில் காட்டிக்கொள்கிறேன்.

வக்கீல்: உட்காருங்கள், முதலாளி. பேனாவை மூடவில்லை, இன்னொரு வக்காலத்திலும் இப்போதே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறேன்.