பிராந்தி எக்ஸ்பிரஸ்

குவாலியர் மகாராஜா மாதோ ராவ் சிந்தியாவுக்கு ரயில் என்றால் உயிர். நமக்கும்தான் உயிர். ஆனால் நாம் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டதோடு நிறுத்திக்கொண்டோம். அவர் பத்து வயது நிறையும் முன்பே பட்டத்துக்கு வந்தவர். 1894-இல், பதினெட்டு வயதில், முழு அதிகாரமும் கைக்கு வந்தது. பதினெட்டு வயதுப் பையனிடம் ஒரு சமஸ்தானத்தையும் அதன் கஜானா சாவியையும் கொடுத்தால் என்ன செய்வான்? குவாலியர் லைட் ரயில்வே என்று நிஜமாகவே ஒரு ரயில் விட்டார்.

தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. மாட்டு வண்டிச் சக்கரங்களுக்கு நடுவே இதைவிட அதிக இடம் இருக்கும். அந்த இரண்டடிப் பாதையை இழுத்து இழுத்து, 1909-இல் ஷியோப்பூர் வரை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டருக்குக் கொண்டுபோய்விட்டார். பொம்மை ரயிலுக்கும் நிஜ ரயிலுக்கும் நடுவில் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. சொன்னாலும் ராஜா கேட்டிருப்பாரா?

ஊருக்கெல்லாம் ரயில் விட்டாயிற்று. மிச்சம் இருந்தது சாப்பாட்டு மேஜை.

ஜெய் விலாஸ் அரண்மனையின் அந்த மேஜைமேல் ஓடியது வெள்ளி ரயில். மின்சாரத்தில் ஓடும் எஞ்சின். பின்னால் வந்த பெட்டிகளில் ஆள் கிடையாது. கண்ணாடிக் குடுவைகளில் பிராந்தி, பக்கத்தில் சுருட்டு. விருந்து முடிந்ததும் வண்டி மேஜையைச் சுற்றி வரும். பெட்டிக்கு ஓர் எழுத்தாக ஆங்கிலத்தில் ‘சிந்தியா’ என்று பொறித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஏழு எழுத்து வேண்டும். தமிழில் எழுதியிருந்தால் நாலு பெட்டியோடு போயிருக்கும். மூன்று பெட்டி பிராந்தி மிச்சம்.

இதில் ஒரு நுணுக்கம் சொல்வார்கள். வண்டி உங்கள் முன்னால் வரும்போது குடுவையைத் தூக்கினால் நின்றுவிடும். ஊற்றிக்கொண்டு திருப்பி வைத்தால்தான் கிளம்பும். அதாவது அபாயச் சங்கிலிக்குப் பதில் பாட்டில். அநாவசியமாக இழுத்தால் அபராதம் கிடையாது, இன்னொரு கிளாஸ் கிடைக்கும். ஒரு விருந்தாளி குடுவையை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்தால், எதிர்வரிசையில் இருப்பவர் நம் ஊர் அவுட்டரில் மாட்டிக்கொண்ட பயணி மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வீட்டில் மாடல் ரயில் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி காட்சி அமைப்பு. கோழி வலையை வளைத்து, அதன்மேல் பழைய பேப்பரைப் பசை தோய்த்து ஒட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி மலை செய்ய வேண்டும். மரத்தூளுக்குப் பச்சை சாயம் ஏற்றிப் புல் தூவ வேண்டும். மகாராஜாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. பழத்தட்டு மலை, மெழுகுவத்தித் தண்டு விளக்குக் கம்பம், மடித்து நிறுத்திய நாப்கின் கூடாரம். சுற்றிலும் மெடல் குத்திக்கொண்டு உட்கார்ந்த வெள்ளைக்காரத் துரைமார்கள், அசையும் பொம்மைகள். அந்த வகையில் உலகத்திலேயே செலவு அதிகம் பிடித்த காட்சி அமைப்பு அதுவாகத்தான் இருக்கும்.

அந்தத் துரைமார்களை மகாராஜா எவ்வளவு மதித்தார் என்பதற்கு அவர் வீட்டு ரேஷன் கார்டே சாட்சி, அப்படி ஒன்று இருந்திருந்தால். பிள்ளைக்கு ஐந்தாம் ஜார்ஜ் நினைவாக ஜார்ஜ், பெண்ணுக்கு மகாராணி நினைவாக மேரி என்று பேர் சேர்த்தவர். ராஜ விசுவாசத்தில் ஒரு திருகாணிகூடத் தளரக் கூடாது என்று இருந்த மனுஷர். அவர் வீட்டு ரயில்தான் காலை வாரிவிட்டது.

லாரி காலின்ஸும் டொமினிக் லப்பியரும் 1975-இல் எழுதிய ‘ஃப்ரீடம் அட் மிட்நைட்’ புத்தகத்தில் அந்தக் கதை வருகிறது. அதில் ரயில் பிராந்தியோடு நிற்கவில்லை; சமையலறையிலிருந்து கறி, காய் எல்லாம் ஏற்றி வருகிறது. மகாராஜாதான் ஸ்டேஷன் மாஸ்டர், கன்ட்ரோல் அவர் கையில். பிடிக்காத ஆளுக்கு இனிப்பு வராமல் வண்டியை விரட்டிவிடலாம். நம் கல்யாணப் பந்திகளில் பாயச வாளிக்காரர் இதைக் கன்ட்ரோல் போர்டு இல்லாமலேயே செய்கிறார்.

ஒரு நாள் வைஸ்ராய்க்கு விருந்து. நடுவில் மின்சாரம் ஷார்ட் ஆகிவிட்டது. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பிய்த்துக்கொண்டு ஓடி, வளைவுக்கு வளைவு சாப்பாட்டை வாரி இறைத்ததாம். குழம்பு யார் மடியில், கறி யார் கோட்டில் என்று கணக்கில்லை. துரைமார் மெடலில் பட்டாணி.

அந்த மண்டபத்தில் வைஸ்ராய்க்கு முதுகு வளைக்காதது அந்த எஞ்சின் ஒன்றுதான் என்று நினைத்துப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. சொல்பவர்கள் கொஞ்சம் உப்பு, காரம் சேர்த்திருப்பார்கள். சேர்த்தால் என்ன, ராஜ விருந்துதானே. ஆனால் ஒன்று. இதே அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் தலா மூன்றரை டன் எடையில் இரண்டு சரவிளக்குகளைத் தொங்கவிடும் முன், கூரை தாங்குமா என்று பார்க்க மொட்டை மாடியில் யானைகளை ஏற்றி நிறுத்தினார்களாம். கூரைக்கு யானை விட்டுப் பார்த்த வீட்டில், ஒரு ஃப்யூஸ் போடத் தோன்றவில்லை.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. பையனுக்கு வாங்கிய பேட்டரி ரயிலுக்கு நானே ஒரு வேகன் செய்தேன். சாக்பீஸ் பெட்டி, ஊக்கு அச்சு, சட்டைப் பட்டன் சக்கரம். சாப்பாட்டு மேஜைமேல் வட்டமாகப் பாதை. வேகன்மேல் சட்னிக் கிண்ணம். நேர்ப்பாதையில் ராஜநடை. வளைவு வந்ததும் சட்னி மட்டும் நேராகப் போயிற்று, அங்கே அத்தை உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிள்ளை, சட்னி இட்லிக்குத்தான் கேட்டேன், புடவைக்கு இல்லை.”

தப்பு எங்கே என்று பிறகு புரிந்தது. பாரம் முழுக்க மேலே, வேகன் அடியில் ஒன்றுமில்லை. திரவம் வேறு, வளைவில் ஒரு பக்கமாக அலையடித்துச் சாய்க்கும். தண்ணி லாரிக்காரரைக் கேட்டால் தெரியும். அடியில் தூண்டில் ஈயத்தை ஒட்டி, வளைவைப் பெரிதாக்கியதும் கெட்டிச் சட்னி வரைக்கும் தாங்கியது. சாம்பாருக்கு அனுமதி கிடைக்கவில்லை. உயரமான கண்ணாடிக் குடுவையில் பிராந்தியை நிரப்பி வெள்ளிச் சக்கரத்தில் ஏற்றிச் சுற்றவிட்ட அந்தப் பெயர் தெரியாத வேகன்காரர்மேல் அன்றிலிருந்து எனக்கு மரியாதை.

மாதோ ராவ் 1925-இல் பாரிஸில் காலமானார். அவருடைய இரண்டடிப் பாதை ரயில் 2020 வரை ஓடி நின்றது, அகலப்பாதைக்காகப் பெயர்த்துவிட்டார்கள். வெள்ளி ரயில் மட்டும் ஜெய் விலாஸ் அருங்காட்சியகத்தில், அதே மாதிரி நீள மேஜைமேல், குடுவைகளோடு நிற்கிறது. காட்சிப்பொருள் ஆகிவிட்டதால் யாரும் குடுவையைத் தூக்க முடியாது. மகாராஜா போட்ட சட்டப்படி பார்த்தால் அது இப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.