சக்கரவர்த்தியும் மாசிக் கருவாடும்

டோக்கியோ

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இலங்கையின் புதுத் தூதுவர் பொறுப்பெடுக்க இங்கே வந்துவிட்டார். கொழும்பில் அவர் வீட்டுக் குசினியைப் பார்த்தவன் என்ற தகுதியில் நானும் கூட வந்தேன். "இரண்டு தீவு நாடுகளுக்கும் இடையில் நட்பை வளர்க்கப் போறம்" என்று பிளேனில் ஏறும்போதே சேர் சொன்னார். அதில் எனக்கும் பங்கிருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதல் பங்கு, சக்கரவர்த்தி வேஷம். விமானத்தால் இறங்கியவுடன் ஒருவர் முழுத் தூதுவர் ஆகிவிட முடியாது. நம் ஜனாதிபதி தந்த நற்சான்றுப் பத்திரத்தைச் சக்கரவர்த்தி நருஹித்தோவின் கையில் கொடுக்க வேண்டும். எங்கே நிற்பது, எவ்வளவு குனிவது, எப்போது கையை நீட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. இரவு பத்து மணிக்குச் சேர் குசினிக்குள் வந்து, ஹோலில் வந்து நிற்கச் சொன்னார். அகப்பையும் கையுமாக நின்றேன். நற்சான்றுப் பத்திரத்துக்குப் பதில் மின்சார பில். சேர் குனிந்தார்; காணாது என்றா அவரின் மனைவி, எங்கள் மேடம். இன்னும் குனிந்தார், நாட்டின் மானம் போகிறது என்றா. நானும் மரியாதைக்குக் குனிந்தேன். சக்கரவர்த்தி இப்படிக் குழையமாட்டார் என்று எனக்கும் ஏச்சு விழுந்தது. பில்லை வாங்கித் தொகையைப் பார்த்தபோது என் முகம் போன போக்கு எந்த அரச வம்சத்துக்கும் அடுக்காது என்று ஒத்திகையை நிறுத்திவிட்டா.

அரண்மனைக்குப் போகக் காரா, குதிரை வண்டியா என்று தூதுவரே தெரிவு செய்யலாம். யார்தான் காரைக் கேட்பார்கள்? டோக்கியோ ரயில் நிலையத்து மருனோச்சி வாசலில், வேலைக்கு ஓடுகிற சனத்துக்கு நடுவே, தொப்பி போட்ட சாரதிகளோடு வண்டி வந்து நின்றது. சேர் நம் தேசிய உடை. அந்த வெள்ளைத் துணி காலி நகர வெயிலுக்குத் தைத்தது. இங்கே அடிக்கிற குளிருக்கு உள்ளே இரண்டு கம்பளிப் பனியன். படங்களில் சேர் கொஞ்சம் கொழுத்துத் தெரிந்தால் காரணம் என் சமையல் இல்லை.

நட்பை வளர்க்க வந்தவருக்கு ஒரு சங்கடம், அது ஏற்கெனவே வளர்ந்து மரமாக நிற்கிறது. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், போரில் தோற்ற ஜப்பானிடம் எங்களுக்கு நட்டஈடு வேண்டாம் என்று புத்தர் பெயரைச் சொல்லிப் பேசியவர் ஜே.ஆர். ஜயவர்த்தன. அப்போது அவர் நிதி அமைச்சர். கமக்குராவில் பெரிய புத்தர் சிலைக்குப் பக்கத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. தன் கண்களில் ஒன்றை ஜப்பானுக்கு என்று எழுதிவைத்துத்தான் செத்தார். சேர் எங்கே போனாலும் அந்தப் பேச்சுக்கு நன்றி சொல்கிறார்கள். அத்தான், நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியும். 81இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் 83 இனக்கலவரமும் பிறகு ஜனாதிபதியான அதே மனிதரின் ஆட்சியில்தான். பகை வேண்டாம் என்ற அந்தப் பேச்சில் கொஞ்சத்தை ஊருக்கும் மிச்சம் வைத்திருக்கலாம். இதை நான் இங்கே யாருக்கும் சொல்வதில்லை. நான் சமையற்காரன், சேர்தான் தூதுவர். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் ஜப்பான் கட்டித்தந்த கட்டிடம் நிற்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஊருக்கு வந்த இன்னொரு ஜப்பான் பொருள், அத்தான்ர ஹையேஸ் வான். அதன் பக்கத்தில் அழியாமல் இருக்கிற ஜப்பான் எழுத்தைப் படத்தில் இங்கே ஒரு பிள்ளைக்குக் காட்டினேன். வாயைப் பொத்திச் சிரித்தது. ஏதோ ஊரில் செத்தவீட்டு அலுவல் பார்க்கிற கம்பனியின் வானாம். கலியாண ஹயருக்குப் போகும்போது அந்தப் பக்கம் மாலையைக் கொஞ்சம் தடிப்பாகக் கட்டுங்கோ.

ஆக, நட்பு ஏற்கெனவே வளர்ந்து நிற்பதால் சேருக்கு மிஞ்சிய வேலை விருந்து வைப்பது. அது என் தலையில். போன கிழமை பதினாறு பேர். மாசிச் சம்பல் போட நினைத்தால் கொண்டுவந்த மாசிக் கருவாடு முடிந்துவிட்டது. ட்சுகிஜி சந்தையில் பார்த்தேன், விறகுக்கட்டை மாதிரி அடுக்கிக் கிடக்கிறது கட்சுவோபுஷி. மாசிக்கு எடுக்கிற அதே சூரை மீன். அவித்து, புகை போட்டு, காயவைத்தது. நாங்கள் உரலில் இடிப்போம், இவர்கள் தச்சனின் சீவுளி கவிழ்த்துப் பூட்டின மரப்பெட்டியில் வைத்துச் சீவுகிறார்கள். மெல்லிய சுருள் சுருளாக விழும். சூடான சோற்றில் போட்டால் உயிருள்ளது போல நெளியும். அந்தச் சுருளைக் கசக்கி, வெங்காயம், செத்தல் மிளகாய், தேசிப்புளி விட்டுச் சம்பல் போட்டேன். எங்கள் மாசியின் உப்பு இல்லை, புகை வாசம் அதிகம். வயதான ஒரு பெரியவர் ஒரு வாய் வைத்தார், இருமினார், கண் கலங்கினார், தண்ணீர் குடித்தார், பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சேரின் பேச்சு பாதியில் நின்றது, யாரும் கவனிக்கவில்லை.

அந்தத் துணிச்சலில் அடுத்த விருந்துக்கு ஒடியற்கூழ் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சேர் ஒத்துக்கொண்டார். நண்டும் றாலும் இங்கே தாராளம். பனங்கிழங்கு ஒடியல் மாதான் இல்லை. தூதரகப் பையில் போட்டால் சுங்கம் திறக்காது, ஆனால் அதில் அரச அலுவலுக்கானதைத்தான் அனுப்பலாமாம், வியன்னா உடன்படிக்கை 1961. கூழ் அரச அலுவலா இல்லையா என்று கொழும்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பதில் வருவதற்குள் விருந்து முடிந்துவிடும். நீங்கள் இரண்டு கிலோ மாவை நல்லாய் அரித்து, காற்றுப் போகாமல் பொதி செய்து, தபாலில் போடுங்கோ. பொதிக்குமேல் "மா" என்று மட்டும் எழுதாமல் என்ன மா என்றும் எழுதுங்கோ. வெள்ளைத் தூளைப் பார்த்தால் எந்த நாட்டுச் சுங்கமும் நட்பைப் பார்க்காது.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி