மிளகாய்ப்பழம் என்னும் சொல் எப்போது மெய்யாகிறது? ஹபனேரோவை முன்வைத்து ஒரு முன்னாய்வு

முதலில் பெயராராய்ச்சி. 'ஹபனேரோ' என்றால் ஹவானா ஊர்க்காரன். ஆனால் இந்த மிளகாய் கொடிகட்டிப் பறப்பது மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில். 2010இல் அந்நாட்டரசின் புவிசார் உரிமையும் அங்குதான் போயிற்று. தாவரவியலார் செய்தது இன்னும் விசேஷம். 1776இல் ஜாக்குவின் என்பவர் இந்த இனத்துக்குச் 'சீனத்து மிளகாய்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பூர்வீகமோ அமேசான் படுகை. சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. மிளகைப் போல உறைத்த ஒரே காரணத்துக்காக மிளகாய் என்று பெயர் வைத்த பரம்பரை நாம்.

இனி மையச் சிக்கல். சந்தையில் 'மிளகாய்ப்பழம்' என்கிறோம். காயும் பழமும் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் செய்வது இலக்கணப்படி தகுமா? சாதாரண மிளகாய் சிவந்தாலும் பழ வாசனைக்கு உரிமை கோருவதில்லை. ஹபனேரோ கோருகிறது. முளைக்கவே இரண்டு மூன்று வாரம், நாற்று நட்டபின் பழுக்க ஏறக்குறைய மூன்று மாதம். பச்சையிலேயே பறிக்கும் அவசரக்காரர்களுக்கு இந்த ஆய்வில் இடமில்லை. செம்மஞ்சளாகக் கனிந்ததைக் கீறினால் ஆப்ரிகாட்டும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம். ஆகவே பழமே என்று மூக்கு தீர்ப்பெழுதிவிடும்.

நாக்கு மேல்முறையீடு செய்கிறது. 1912இல் ஸ்கோவில் வகுத்த அளவையில் இதன் காரம் 1,00,000 முதல் 3,50,000 வரை. ஹாலப்பேனோ மிளகாய் 8,000ஐத் தாண்டுவதே அபூர்வம். விதையைத் தட்டிவிட்டால் காரம் போகும் என்னும் மாமியார் மரபு இங்கே செல்லாது. காரத்தின் இருப்பிடம் விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சதை. நடுநிலைச் சாட்சியாகப் பறவைகளைக் கூப்பிட்டால், அவற்றுக்குக் காரமே உறைப்பதில்லை. பழமென்றே விழுங்கி, விதையை முழுசாக வெளியேற்றிவிட்டுப் போகின்றன. சாட்சியம் ஏற்கப்பட்டது, பயனில்லை.

சமையலறைச் சான்று ஒன்று மிச்சம். யுகாத்தானில் ஹபனேரோவைப் பொடியாக நறுக்கி, வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித்தழை சேர்த்து, நாரத்தையின் பங்காளியான புளிப்பு ஆரஞ்சுச் சாற்றைப் பிழிந்து ஒரு பச்சடி செய்வார்கள். அதன் மாயாமொழிப் பெயர் 'ஷ்னிபெக்'. பொருள்: நாய் மூக்கு. தின்றவரின் மூக்கு அப்படி நனைந்து ஒழுகுமாம். பழம் என்று தீர்ப்பெழுதிய அதே மூக்கு.